வயல் கணக்கும் வகுப்புக் கணக்கும்

தஞ்சைச் சீமையில் இரண்டு வகைப் பிள்ளைகளைப் பார்க்கலாம்.

ஒரு பிள்ளை, தாயுடன் சந்தையில் உட்கார்ந்து கீரை விற்கும். ஒரு கட்டு 15 ரூபாய் என்றால், 4 கட்டுக்கு 60 ரூபாய் என்று உடனே சொல்லும். 100 ரூபாய் நோட்டை நீட்டினால், மீதி 40 ரூபாயை எண்ணிக் கொடுக்கும். அதே பிள்ளை, பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் 15-ஐ 4-ஆல் பெருக்கச் சொன்னால் திருதிரு என்று விழிக்கும்.

இன்னொரு பிள்ளை, வாய்ப்பாட்டைக் கடகடவென்று ஒப்பிக்கும். பரீட்சையில் நல்ல மார்க் வாங்கும். கடைக்கு அனுப்பினால், மீதி எவ்வளவு வரவேண்டும் என்று தெரியாது. கடைக்காரர் கொடுத்ததை அப்படியே வாங்கிக்கொண்டு வரும்.

முதல் பிள்ளைக்கு "மக்கு" என்று பெயர். இரண்டாவது பிள்ளைக்குக் "கெட்டிக்காரப் பிள்ளை" என்று பெயர். இரண்டு பெயரும் பொருந்தாது. இருவருக்கும் தெரிந்தது பாதிக் கணக்குத்தான். ஒருவருக்கு வெளிப் பாதி தெரியும். மற்றவருக்கு உள் பாதி தெரியும்.

இந்த இரண்டு பாதிகளையும் ஒன்றாகச் சேர்ப்பதே கணக்குப் பாடத்தின் முதல் வேலை.

இளநீர் விற்ற சிறுவன்

இது தஞ்சாவூரில் மட்டும் உள்ள குறை அல்ல. உலகம் முழுவதும் உள்ளது.

தென் அமெரிக்காவில் பிரேசில் என்று ஒரு நாடு. அங்கே ரெசீபே என்பது ஒரு கடற்கரை நகரம். அந்த ஊர்த் தெருக்களில் பழமும் இளநீரும் விற்ற 5 பிள்ளைகளை ஆராய்ச்சியாளர்கள் சோதித்தார்கள். பிள்ளைகளின் வயது 9 முதல் 15 வரை. ஆராய்ச்சி முடிவு 1985-ல் வெளியாயிற்று.

ஒரு சிறுவனிடம், "ஒரு காய் 35 காசு. 10 காய் என்ன விலை?" என்பது போன்ற கேள்வி கேட்கப்பட்டது. அவன் என்ன செய்தான் தெரியுமா? 3 காய் 105 என்றான். இன்னும் 3 சேர்த்தால் 210 என்றான். இன்னும் 3 சேர்த்து 315 என்றான். கடைசி ஒன்றையும் சேர்த்து 350 என்றான். பதில் சரி! ஆனால், 10-ஆல் பெருக்க ஒரு சைபர் சேர்த்தால் போதும் என்ற பள்ளிக்கூடத்துச் சுருக்கு வழியை அவன் பயன்படுத்தவில்லை.

தெருவில் கேட்டபோது, அந்தப் பிள்ளைகள் 100-க்கு 98 கேள்விகளுக்குச் சரியாகப் பதில் சொன்னார்கள். அதே கணக்குகளைத் தாளில் வெறும் எண்களாக எழுதிக் கொடுத்தபோது, 100-க்கு 37 தான் சரியாக வந்தது.

பிள்ளை அதுதான். மூளையும் அதுதான். இடம் மாறியது, கணக்கு மறந்தது!

டெல்லியும் கொல்கத்தாவும்

5 பிள்ளைகளை வைத்து உலகத்தைச் சொல்லிவிட முடியுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி.

அதற்குப் பதில் இந்தியாவிலேயே கிடைத்தது. 2019-ல் பொருளாதாரத்துக்காக நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுப்லோ ஆகியோரும் வேறு சில அறிஞர்களும் டெல்லி, கொல்கத்தா சந்தைகளில் வேலை செய்யும் 1,436 பிள்ளைகளைச் சோதித்தார்கள். முடிவு 2025-ல் வெளிவந்தது.

சந்தைப் பிள்ளைகளில் ஏறக்குறைய எல்லாருமே வியாபாரக் கணக்கைத் தவறு இல்லாமல் போட்டார்கள். பள்ளிக்கூட முறையில் கேட்டபோது, அதைவிட எளிய கணக்கில்கூடத் தடுமாறினார்கள்.

பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் படித்த 471 பிள்ளைகளையும் அவர்கள் சோதித்தார்கள். அந்தப் பிள்ளைகள் வியாபாரம் செய்து பழகாதவர்கள். அவர்களுக்கு எல்லாம் நேர்மாறாக இருந்தது! தாளில் உள்ள கணக்கு வந்தது. சந்தைக் கணக்கு வரவில்லை.

ஆகவே, "பள்ளிக்கூடக் கணக்கு வீண்" என்று சொல்வது தவறு. "சந்தைக் கணக்கு மட்டம்" என்று சொல்வதும் தவறு. ஆற்றிலே தண்ணீர் இருக்கிறது. வயலிலே பயிர் இருக்கிறது. நடுவிலே வாய்க்கால் இல்லை. அதுதான் குறை.

களத்தில் ஒரு பாடம்

காவிரிக் கரைக்கு இந்த வாய்க்கால் புதிது அல்ல. நெல் விளையும் நாட்டில் கணக்கு இல்லாமல் ஒரு நாளும் நடக்காது.

களத்தில் நெல் அளப்பவர், முதல் மரக்காலை "ஒன்று" என்று சொல்ல மாட்டார். "லாபம்" என்பார். பிறகு "ரெண்டு", "மூணு" என்று தொடருவார். 12 மரக்கால் அளந்தால் ஒரு கலம். மரக்காலுக்குக் குறுணி என்றும் பெயர். 8 நாழி ஒரு குறுணி. 2 குறுணி ஒரு பதக்கு. 2 பதக்கு ஒரு தூணி. 3 தூணி ஒரு கலம். இவை எல்லாம் வாய்ப்பாடு. ஏட்டில் இருந்து வந்தவை அல்ல. களத்து மேட்டில் பிறந்தவை.

நிலத்துக்கும் அப்படித்தான். தஞ்சைக் கணக்கில், 12 அடி நீளம், 12 அடி அகலம் உள்ள இடம் ஒரு குழி. 100 குழி ஒரு மா. 20 மா ஒரு வேலி.

இதில் ஓர் அழகு இருக்கிறது. வேலியில் 20-ல் ஒரு பங்குக்கு மா என்று பெயர். பழைய தமிழ்க் கணக்கில், எந்தப் பொருளையும் 20 பங்கு போட்டால், ஒரு பங்குக்கு மா என்றே பெயர். நிலத்தின் பெயரும் பின்னத்தின் பெயரும் ஒன்று! நிலத்தை அறிந்த பிள்ளைக்குப் பின்னமும் பாதி தெரிந்துவிடும்.

அரை, கால், அரைக்கால், வீசம் என்று பின்னங்களை வாயிலே வைத்திருந்த நாடு இது. 320-ல் ஒரு பங்குக்கு முந்திரி என்று பெயர். முதலாம் ராஜராஜ சோழன் கட்டிய தஞ்சைப் பெரிய கோயில் 1010-ம் ஆண்டு நிறைவு பெற்றது. அந்தக் கோயில் கல்வெட்டுகளில் ஊர்களின் நில அளவு வேலியில் தொடங்கி, மா, காணி, முந்திரி என்று இறங்கி, முந்திரிக்கும் கீழே போகிறது. நெல்லை அளந்த மரக்காலுக்கு "ஆடவல்லான்" என்று இறைவன் பெயரையே வைத்திருந்தார்கள். அளவு தவறக்கூடாது என்பதில் அவ்வளவு கவனம்!

பலாச் சுளைக் கணக்கு

பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் படித்த கணக்குப் புத்தகத்துக்கு எண்சுவடி என்று பெயர். அதில் நெல்லிலக்கம் உண்டு. அது நெல் அளவை வாய்ப்பாடு. பொன்னிலக்கம் உண்டு. குழிமாற்று உண்டு. அது நிலம் அளக்கும் வாய்ப்பாடு. பிள்ளை படித்து முடித்து வெளியே வந்தால், நெல்லும் நிலமும் எதிரே நிற்கும். படித்தது உடனே பயன்பட்டது.

பெரியவர்களுக்குக் கணக்கதிகாரம் இருந்தது. காரி நாயனார் செய்த நூல் அது. தஞ்சை சரசுவதி மகால் நூல்நிலையம் அதைப் பதிப்பித்திருக்கிறது. அதிலே ஒரு வேடிக்கைக் கணக்கு. பலாப்பழத்தை அறுக்காமலே சுளை எத்தனை என்று சொல்லவேண்டும். வழி என்ன? காம்பைச் சுற்றி உள்ள முள்ளை எண்ணவேண்டும். அதை 6-ஆல் பெருக்கவேண்டும். வந்ததை 5-ஆல் வகுக்கவேண்டும். அதுவே சுளை!

முள் 100 என்றால், சுளை 120. உண்மையில் அப்படி இருக்குமா? ஒரு பலாப்பழத்தை வகுப்புக்குக் கொண்டுவந்து அறுத்துப் பார்க்கலாமே! கணக்கு சரியாக வந்தால் மகிழ்ச்சி. வராவிட்டால் எவ்வளவு வித்தியாசம் என்று கழித்துப் பார்க்கலாம். அதுவும் ஒரு கணக்கு. எப்படியும் சுளை மிச்சம்.

பழையது எல்லாம் பொன் அல்ல

திண்ணைப் பள்ளிக்கூடத்தை வானளாவப் புகழவும் கூடாது. அங்கே பிரம்பு இருந்தது. பொருள் புரியாமல் மனப்பாடம் செய்த பிள்ளைகளும் இருந்தார்கள். பெண் பிள்ளைகள் பெரும்பாலும் திண்ணையில் ஏறவில்லை. சேற்றில் இறங்கி நாற்று நட்டவர்களின் பிள்ளைகளைத் திண்ணையில் ஏறவிடவே இல்லை.

நெல்லை விளைவித்தவர் ஒருவர். நெல்லை அளந்து கணக்கு எழுதியவர் வேறொருவர். கணக்குத் தெரிந்தவர் சொன்னதே கணக்கு. மரக்காலைத் தலை தட்டி அளப்பதா, குவித்து அளப்பதா என்பதிலேயே ஓர் ஏழையின் அரை வயிற்றுச் சோறு அடங்கி இருந்தது.

ஆகவே, கணக்கு என்பது வெறும் மார்க் விஷயம் அல்ல. உரிமை விஷயம்.

பங்கு என்றால் பின்னம்

இதற்குத் தஞ்சை மாவட்டத்தைவிடச் சிறந்த சாட்சி கிடையாது.

1952-ல் தஞ்சை மாவட்டத்துக்கு என்றே ஒரு சட்டம் வந்தது. அதன் பெயர் தஞ்சாவூர் சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம். விளைச்சலில் 5-ல் 2 பங்கு குத்தகைச் சாகுபடியாளருக்கு என்று அது சொன்னது. 1956-ல் நியாயக் குத்தகைச் சட்டம் வந்தது. அது, நன்செய் விளைச்சலில் 5-ல் 2 பங்குதான் நிலச் சொந்தக்காரருக்கு என்று ஆக்கியது. அதாவது, சாகுபடியாளருக்கு 5-ல் 3 பங்கு.

5-ல் 2. 5-ல் 3. ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தில் இந்தப் பின்னங்கள் இருக்கின்றன. பிள்ளைகள் அவற்றைப் பார்த்துக் கொட்டாவி விடுகிறார்கள். ஆனால், 100 கலம் விளைந்த வயலில், 5-ல் 2 என்றால் 40 கலம். 5-ல் 3 என்றால் 60 கலம். வித்தியாசம் 20 கலம்! அந்த 20 கலம் ஒரு குடும்பத்துக்கு எத்தனை மாதச் சாப்பாடு என்று கேட்டுப் பாருங்கள். கொட்டாவி நின்றுவிடும்.

கூலி நெல் உயர்வு கேட்டுத் தொழிலாளர்கள் போராடிய காலத்தில், 1968 டிசம்பர் 25-ந் தேதி, அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழவெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளும் அதில் பலர். படிக்கணக்கு நெல்லுக்கு இந்த மண் கொடுத்த விலை அது. அளவைகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது இதையும் மறக்கக்கூடாது.

இரண்டு மொழிகள்

பிறகு, புது அளவைகள் வந்தன. 1957 ஏப்ரல் 1-ந் தேதி, 16 அணா போய் 100 நயா பைசா வந்தது. 1958 முதல், கிலோவும் மீட்டரும் படிப்படியாக வந்தன. அது நல்ல மாறுதல். ஊருக்கு ஒரு மரக்கால் என்ற குழப்பம் ஒழிந்தது. கன்னியாகுமரிக் கிலோவும் காஷ்மீரக் கிலோவும் ஒன்றுதான்.

ஆனால், அளவை மாறியபோது ஒரு காரியம் விட்டுப்போயிற்று. புத்தகம் ஹெக்டேர் என்று பேசியது. பத்திரம் ஏக்கர், சென்ட் என்று பேசியது. வீட்டில் தாத்தா, மா, குழி என்றே பேசினார். ஒரே வயலுக்கு மூன்று பெயர். இவற்றை இணைத்துச் சொல்ல ஆள் இல்லை. அதனால், "தாத்தா கணக்கு வேறு, வாத்தியார் கணக்கு வேறு" என்று பிள்ளை நினைத்துக்கொண்டது.

இணைப்பது கடினமா? இல்லை. ஒரு கயிறு போதும்.

பள்ளிக்கூட மைதானத்தில் 12 அடிக்கு 12 அடி கோடு போட்டால், அது ஒரு குழி. பரப்பு 144 சதுர அடி. பக்கத்துக்கு 120 அடியாகச் சதுரம் போட்டால், அதற்குள் 100 குழி அடங்கும். அது ஒரு மா. பரப்பு 14,400 சதுர அடி. ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. வகுத்துப் பார்த்தால், ஒரு மா என்பது ஏறத்தாழ 33 சென்ட். 3 மா சேர்ந்தால் 99 சென்ட். ஏறத்தாழ ஒரு ஏக்கர்!

இந்த ஒரு கணக்கில் பெருக்கல், வகுத்தல், பரப்பளவு, தசமம் எல்லாம் வந்துவிட்டன. தாத்தாவும் வாத்தியாரும் சமாதானம் ஆகிவிட்டார்கள்.

நாற்றங்காலில் விகிதம்

குறுகிய கால நெல்லுக்கு, ஒரு ஹெக்டேருக்கு 60 கிலோ விதை என்று வேளாண்மைத் துறையினர் சொல்லுகிறார்கள். ஒரு ஹெக்டேர் என்பது ஏறத்தாழ இரண்டரை ஏக்கர். அப்படியானால், ஒரு ஏக்கருக்கு 24 கிலோ. ஒரு மாவுக்கு 8 கிலோ. இதற்குத்தான் புத்தகத்தில் "விகிதம்" என்று பெயர்.

நடவிலும் கணக்கு உண்டு. வரிசைக்கு வரிசை 20 செண்டிமீட்டர், குத்துக்குக் குத்து 10 செண்டிமீட்டர் விட்டால், ஒரு சதுர மீட்டரில் 50 குத்து. திருந்திய நெல் சாகுபடியில் இரண்டு பக்கமும் 25 செண்டிமீட்டர் விடுகிறார்கள். பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டான 2010-ல், அந்த முறைக்கு "ராஜராஜன் 1000" என்று தமிழ்நாட்டில் பெயர் வைத்தார்கள். அதில் ஒரு சதுர மீட்டருக்கு 16 குத்துதான். 50 எங்கே, 16 எங்கே! விதை எவ்வளவு மிச்சம் என்று பிள்ளைகளே போட்டுப் பார்க்கலாம்.

நிலம் இல்லாத வீட்டுப் பிள்ளைகளும் வகுப்பில் இருப்பார்கள். "உங்கள் வயல் எத்தனை மா?" என்று எல்லாரையும் கேட்டால், அந்தப் பிள்ளைகள் தலையைக் குனிந்துகொள்ளும். அது கூடாது. அவர்களுக்கும் கணக்கு இருக்கிறது. ஒரு ஏக்கர் நடவுக்கு ஒப்பந்தக் கூலி 6,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். 12 பேர் நட்டால், தலைக்கு 500 ரூபாய். 15 பேர் நட்டால், தலைக்கு 400 ரூபாய். ஆள் கூடினால் பங்கு குறையும். இதைப் புத்தகம் "எதிர் விகிதம்" என்கிறது. அம்மாவுக்கு அந்தப் பெயர் தெரியாது. விஷயம் நன்றாகத் தெரியும்.

பத்திரிகையில் ஒரு பாடம்

மேட்டூர் அணையின் நீர்மட்டம் பத்திரிகைகளில் தினமும் வருகிறது. டெல்டாவில் பெரியவர்கள் முதலில் தேடுவது அதைத்தான். பிள்ளைகளும் அதைப் படிக்கலாம்.

1934-ல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. கொள்ளளவு 93.47 டி.எம்.சி. ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி. அணையில் இருந்து வினாடிக்கு 10,000 கன அடி திறந்துவிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு நாளைக்கு 86,400 வினாடி. பெருக்கினால், ஒரு நாளைக்கு 86 கோடியே 40 லட்சம் கன அடி. அதாவது, 0.864 டி.எம்.சி.

நிரம்பிய அணைக்கு ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வரவில்லை என்றால், அது எத்தனை நாளைக்குத் தாங்கும்? 93.47-ஐ 0.864-ஆல் வகுத்தால் 108 நாள்.

ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது வழக்கம். அது 230 நாள். 108 எங்கே, 230 எங்கே? மீதி நாட்களுக்கு மேலே இருந்து தண்ணீர் வரவேண்டும். மழை பெய்யவேண்டும். காவிரிப் பங்குக்காக ஏன் இத்தனை ஆண்டு வழக்கு நடந்தது என்பது, இந்த ஒரு வகுத்தலில் பிள்ளைக்குப் புரிந்துவிடும்.

அனுபவம் தடுக்கும் இடம்

வயலில் எல்லாம் இருக்கிறது என்றால் பள்ளிக்கூடம் எதற்கு? வயல் சொல்லாததைச் சொல்வதற்கு!

நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பார்க்கிறார்கள். 17 சதவீதம் வரை என்பது விதி. ஒருவரிடம் 100 கிலோ நெல் இருக்கிறது. ஈரப்பதம் 22 சதவீதம். அதைக் காயவைத்து 17 சதவீதம் ஆக்கினால், நெல் எத்தனை கிலோ இருக்கும்?

"5 சதவீதம் குறைந்தது. ஆகவே 95 கிலோ" என்று பலர் சொல்வார்கள். அது தவறு. 100 கிலோவில் தண்ணீர் 22 கிலோ. தண்ணீர் நீங்கலாக 78 கிலோ. காய்ந்த பிறகும் அந்த 78 கிலோ அப்படியே இருக்கும். அப்போது அது மொத்தத்தில் 83 சதவீதம். 78-ஐ 83-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால், ஏறத்தாழ 94 கிலோ. குறைந்தது 5 கிலோ அல்ல, 6 கிலோ! ஒரு டன்னுக்கு 10 கிலோ வித்தியாசம். இதைச் சொல்லப் பள்ளிக்கூடக் கணக்குத்தான் வேண்டும்.

வாசலில் போடும் கோலமும் அப்படித்தான். மேல் வரிசையில் 1 புள்ளி. அடுத்த வரிசையில் 3 புள்ளி. அதற்கு அடுத்து 5. அதற்கு அடுத்து 7. கூட்டிக்கொண்டே வந்தால் 1, 4, 9, 16. இவை என்ன? 1-ஐ 1-ஆல், 2-ஐ 2-ஆல், 3-ஐ 3-ஆல், 4-ஐ 4-ஆல் பெருக்கினால் வரும் எண்கள்! அடுத்த வரிசையில் 9 புள்ளி வைத்தால் 25 வரும். எத்தனை வரிசை போட்டாலும் இது தவறாது. ஏன் தவறாது என்று கேட்கும் பிள்ளை, கோலத்தில் இருந்து உயர்ந்த கணிதத்துக்குள் காலை வைத்துவிட்டது.

கும்பகோணத்தில் அப்படி ஒரு பிள்ளை இருந்தது. துணிக்கடைக் கணக்கர் வீட்டுப் பிள்ளை. 3 பழத்தை 3 பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு ஒன்று. எந்த எண்ணையும் அதே எண்ணால் வகுத்தால் ஒன்று என்று வாத்தியார் சொன்னார். "சைபரைச் சைபரால் வகுத்தாலும் ஒன்றா? பழமே இல்லை, ஆளே இல்லை என்றால் ஆளுக்கு ஒன்று கிடைக்குமா?" என்று அந்தப் பிள்ளை கேட்டதாக வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். அந்தப் பிள்ளைதான் கணித மேதை சீனிவாச ராமானுஜன். 1887-ல் ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் படித்தவர்.

கேள்வி பழத்தில் தொடங்கியது. பழம் இல்லாத இடத்துக்குப் போய்விட்டது. அனுபவத்தில் தொடங்கி, அனுபவத்தைத் தாண்டிப் போகிற படிப்பு அது.

செய்யவேண்டியது என்ன?

தமிழ்நாட்டில், 2022-ல் எண்ணும் எழுத்தும் என்ற திட்டம் தொடங்கியது. ஆரம்ப வகுப்புப் பிள்ளைகள் செய்து பார்த்துக் கற்கவேண்டும் என்பது அதன் கருத்து. நல்ல கருத்து. ஆனால், சென்னையில் அச்சிடும் புத்தகத்தில் ஒவ்வோர் ஊரின் வயலும் வாய்க்காலும் இருக்க முடியாது. அதை ஊர்தான் சேர்க்கவேண்டும்.

ஆசிரியர்கள், வாரத்தில் ஒரு கணக்கையாவது ஊரில் இருந்து எடுக்கவேண்டும். பிள்ளை வாயால் விடை சொன்னால், "எப்படிக் கண்டுபிடித்தாய்?" என்று கேட்கவேண்டும். அது சொன்ன வழியையே கரும்பலகையில் எண்ணாக எழுதிக் காட்டவேண்டும். "நீ மனத்தில் போட்டதுதான் இது" என்று பிள்ளைக்குத் தெரியவேண்டும். பயம் அந்த இடத்தில் உடையும்.

பெற்றோர்கள், "எனக்குப் படிப்பு இல்லை, என்ன சொல்லித்தர முடியும்?" என்று ஒதுங்கவேண்டாம். மளிகைச் சீட்டைப் பிள்ளையைக் கூட்டச் சொல்லலாம். 30 மூட்டை நெல் போட்டால், மூட்டைக்கு 40 கிலோவாக எத்தனை குவிண்டால், பணம் எவ்வளவு என்று ரசீதைச் சரிபார்க்கச் சொல்லலாம். பிள்ளை தப்பாகச் சொன்னால் அடிக்கவேண்டாம். இன்னொரு தடவை போடச் சொன்னால் போதும். பெண் பிள்ளையிடமும் ரசீதைக் கொடுக்கவேண்டும்.

ஒரு எச்சரிக்கை. கணக்கு வருவதற்காகப் பிள்ளையைக் கடையில் வேலைக்கு விடலாம் என்று யாரும் நினைக்கக்கூடாது. டெல்லிச் சந்தைப் பிள்ளைகளின் கதை அதைத்தான் காட்டுகிறது. சந்தை அவர்களுக்குப் பாதிக் கணக்கைக் கொடுத்தது. மறு பாதியை அவர்கள் பெறவில்லை. 6 முதல் 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி என்று 2009-ல் சட்டம் வந்தது. பிள்ளையின் இடம் பள்ளிக்கூடம். வயலும் சந்தையும்தான் பள்ளிக்கூடத்துக்குள் வரவேண்டும்.

நெல் அளக்கும் மரக்காலும், நிலம் அளக்கும் கயிறும், ரசீதில் உள்ள எண்ணும் எல்லாப் பிள்ளைக்கும் புரியவேண்டும். புரிந்த பிள்ளையை யாரும் அளவில் ஏமாற்ற முடியாது. அந்தப் பிள்ளையும் யாரையும் ஏமாற்ற வேண்டியிராது.